மலைக்குப் போகிற காருக்கு எதற்குக் கோட்டிங்

புதுக் கார் வீட்டுக்கு வந்த அன்றே கோட்டிங் பேச்சும் கூடவே வந்தது. "பெயிண்ட் மேல செராமிக் கோட்டிங் போட்டுட்டீங்கன்னா வருஷக் கணக்குல பளபளன்னு இருக்குங்க" என்று ஷோரூமில் சொல்லி அனுப்பியிருந்தார்கள். என் கணவர் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

நான் கரியாலூரில் ஆசிரியை. கள்ளக்குறிச்சியிலிருந்து தினமும் கச்சிராயபாளையம் வழியாக மலையேற வேண்டும். பல வருடம் பஸ்ஸில் போய்வந்தவள், நாற்பதைத் தாண்டித்தான் கார் ஓட்டக் கற்றுக்கொண்டேன். கார் எனக்காக வாங்கியது. கருநீல நிறம் அவருக்காக. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சிலிருந்து வந்ததும் வேட்டியை மடித்துக்கட்டி, வாளியோடு அதன் பக்கத்தில் போய் நிற்பார்.

சேலம் ரோட்டில் கோட்டிங் போடும் கடைக்கு ஒரு சனிக்கிழமை போனோம். கடைக்காரர் ஒரு பழைய பானெட்டின் பாதிக்கு மட்டும் கோட்டிங் போட்டு வைத்திருந்தார். தண்ணீர் ஊற்றியதும் அந்தப் பாதியில் முத்து முத்தாக உருண்டு ஓடியது. என் கணவர் இன்னொரு தரம் ஊற்றச் சொன்னார்.

"மலை ரோட்டோரத்து உண்ணிச்செடி முள்ளு கீறினா தாங்குமா?" என்று கேட்டேன்.

கடைக்காரர் ஒளிக்காமல் சொன்னார். "முள்ளுக்குத் தாங்காது டீச்சர். துணியில தொடைக்கிறப்ப விழற மெல்லிசுக் கோடு கம்மியாவும். காக்கா எச்சம் சீக்கிரமா ஊறிப் புடிக்காது. முள்ளு, கல்லடின்னா பெயிண்ட் மேல கண்ணாடி மாதிரி பிலிம்தான் ஒட்டணும். ஆனா வண்டி முழுக்க ஒட்டினா ரொம்ப ஜாஸ்தி ஆயிடும்."

கோட்டிங்குக்கே என் சம்பளத்தில் ஒரு நல்ல பங்கு போய்விடும். வெளியே வந்ததும், "பளபளப்புக்கு இவ்ளோ காசா? எனக்கு வேணாங்க" என்றேன். "யோசிக்கலாம்மா" என்றார் அவர். அப்படிச் சொன்னால் விடமாட்டார் என்று எனக்குத் தெரியும்.

அடுத்த வாரம் மழை தூறிக்கொண்டிருந்தது. பள்ளி முடிந்து இறங்கிவருகையில் பின்னால் ஆம்புலன்ஸ் சத்தம். எதிரே ஒரு பஸ் முக்கிக்கொண்டு ஏறிவந்தது. ரோடோ குறுகல். இடது பக்கம் மலைச்சரிவில் உண்ணிச்செடி ரோட்டுக்கே சாய்ந்து கிடந்தது. அதற்குள் காரை விட்டேன். செடிகள் கதவை முழு நீளத்துக்கும் கீறிய சத்தத்தில் பல் கூசியது. பஸ் ஒதுங்கி நிற்க, நடுவில் கிடைத்த இடத்தில் ஆம்புலன்ஸ் நுழைந்து போனது. உள்ளே நிறைமாத வயிற்றோடு ஒரு பெண் கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்தது கண்ணாடி வழியாக ஒரு கணம் தெரிந்தது.

வீட்டு வாசலில் காரை நிறுத்தி, நடந்ததைச் சொன்னேன். அவர் இடது பக்கம் குனிந்து, கீறல் மேல் நகத்தை ஓட்டிப் பார்த்தார். இரண்டு இடத்தில் நகம் மாட்டியது.

"ஆம்புலன்ஸ்ல இன்னா கேஸாம்?"

"பிரசவம் போலத் தெரியுதுங்க."

"சரி, கை கால் கழுவிக்கினு வா. காபி போடறேன்."

மறுநாள் பள்ளியில் சத்துணவு சமைக்கும் அம்மாதான் விவரம் சொன்னார். ஆம்புலன்ஸில் போனது அவர் தங்கையாம். "பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேந்த கொஞ்ச நேரத்துல பொறந்திடுச்சு டீச்சர். பொம்பளப் புள்ள. ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க." என் கார் ஒதுங்கியது அவருக்குத் தெரியாது. நானும் சொல்லவில்லை. அன்று முழுக்க வகுப்பில் என் குரல் கொஞ்சம் உரக்கவே இருந்தது.

சாயங்காலம் என் கணவரிடம் சொன்னபோது முகம் மலர்ந்தார். பிறகு, "இனிமே கோட்டிங்கு இன்னாத்துக்கு, வுடு. மலைக்குப் போற வண்டி கீறத்தான் செய்யும்" என்றார்.

எனக்கோ அதற்குள் மனம் மாறியிருந்தது. "கோட்டிங் வேணாம். ஆனா முன்பக்கத்துக்கும் இடது கதவுங்களுக்கும் மட்டும் பிலிம் ஒட்டிடலாங்க."

"நீதான வேணாம்னே?"

"பளபளப்புக்குத்தான் வேணாம்னேன். நாளைக்கும் அந்தச் செடிக்குள்ளதான் ஒதுங்கணும். பெயிண்ட் போய்த் தகரம் தெரிஞ்சா மழையில துரு புடிக்கும்."

அவர் சிரித்துவிட்டார். கடைக்காரர் லேசான கீறல்களைப் பாலிஷில் எடுத்தார். ஆழமான இரண்டில் பெயிண்ட் தொட்டு வைத்துவிட்டு மேலே பிலிம் ஒட்டினார். காருக்கு முழுக்கக் கோட்டிங் போடுவதைவிடக் கொஞ்சம் கம்மியாகவே முடிந்தது. "கோட்டிங் போட்டிருந்தா இந்தக் கீறலு விழுந்திருக்காதா?" என்று என் கணவர் கேட்டார். "அதையும் சேத்துக் கீறியிருக்கும் சார்" என்றார் கடைக்காரர்.

ஒரு மழைக்காலம் போய்விட்டது. பிலிமின் மேல் முள் இழுத்த தடங்கள் இருக்கின்றன. கார் வெயிலில் நின்றால் பிலிம் சூட்டில் இளகி, லேசானவை தானே மங்கிவிடுகின்றன. ஓரங்களில் அழுக்கு ஏறி, கருநீலத்தைச் சுற்றி ஒரு மெல்லிய கோடு தெரிகிறது. அவருக்கு அது பிடிக்கவில்லை; பழைய டூத்பிரஷ்ஷால் தேய்க்கிறார். ஒன்றும் ஒட்டாத வலது பக்கத்தை வெறும் வேக்ஸிலேயே கண்ணாடிபோல வைத்திருக்கிறார். போட்ட காசு தகுமா என்று கேட்கிறவர்களிடம், எந்த ரோட்டில் ஓட்டுகிறீர்கள் என்று திருப்பிக் கேட்கிறேன்.