கொடிக்கவசனுக்குள் வெர்னா

டார்ன்லியில் ஜூலை நாலாம் தேதி காலையில் ஆண்பிள்ளைகளில் பாதிப் பேரைக் காண முடியாது. மீன் பிடிக்கப் போகிறேன் என்று தூண்டிலைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். அமெரிக்காவின் சுதந்திர தினத்தன்று அப்படி என்ன மீன் ஆசை என்று வெளியூர்க்காரன் கேட்பான். உள்ளூர்க்காரன் கேட்க மாட்டான். அன்றைக்கு ஊர்வலத்தின் முன்னால் நடந்து வரும் கொடிக்கவசனுக்குள் இருப்பது யார் என்று யாருக்கும் தெரியக் கூடாது. எல்லோரும் தெருவில் நின்றால், இல்லாதவன் யாரென்று கண்டுபிடிக்க எவ்வளவு நேரமாகும்? அதனால்தான் பாதி ஊர் ஆற்றங்கரையில் பீரும் கையுமாக ஒளிந்திருக்கிறது. நாட்டுக்காகச் செய்யும் தியாகத்தில் இதைவிடச் சுகமானதை நான் பார்த்ததில்லை.

கொடிக்கவசன் படக்கதையில் வருகிறவன்; நாட்டுக் கொடியின் நிறத்தில் கவசம் போட்டவன். வரைந்தவர் இந்த ஊரில் பிறந்தவர் என்பதால் ஊர் அவனைத் தத்தெடுத்துக்கொண்டது. கதையில் அந்தக் கவசத்தை முதலில் ஓர் உருக்காலைத் தொழிலாளி போட்டுக்கொள்கிறான். அவன் செத்ததும் ஒரு சிப்பாய். மூன்றாவதாக வந்தவன் அதைத் திருடி மாட்டிக்கொண்டு, நெஞ்சில் இருக்கும் நட்சத்திரத்தைக் காட்டியே ஜனங்களை ஏய்த்தவன். உள்ளே யார் இருந்தாலும் வெளியே அதே சிவப்பு, அதே நீலம். உருக்காலை ஓடிய காலத்தில் தொழிலாளர்கள் சேர்ந்து நிஜத் தகட்டிலேயே ஒரு கவசம் அடித்தார்கள். ஆலை மூடிப் பல வருஷமாயிற்று. கவசம் தேவாலயத்தின் நிலவறையில் பத்திரமாக இருக்கிறது.

அதைப் போடுகிறவனுக்குச் சில விதிகள் உண்டு. உள்ளே இருக்கும்போது வாய் திறக்கக் கூடாது. குழந்தைகள் முன்னால் தலைக்கவசத்தைக் கழற்றக் கூடாது. பெண்டாட்டியிடம்கூடச் சொல்லக் கூடாது. அவன் செத்த பிறகு சவப்பெட்டியின் மேல் அந்தத் தலைக்கவசத்தை வைப்பார்கள். அப்போதுதான் ஊருக்கே தெரியவரும்: ‘அடடா, இத்தனை வருஷமும் இவனா!’ ஆண்கள் தொப்பியைக் கழற்றி நிற்பார்கள். ஆனால் ஒரு வருஷம் நடக்கத் தவறினாலும் கவசம் அடுத்தவனுக்குப் போய்விடும். உயிரோடு இருக்கும்போதே கவசத்தை விட்டவனின் பெயர் கடைசிவரை வெளியே வராது.

வெர்னா கோவல் பள்ளிக்கூடத்துச் சமையலறையில் வேலை பார்த்தவள். தடித்த தோள், சுருக்கமான பேச்சு. ஆலையில் வெல்டராக இருந்த அவள் கணவன் எமில், ஒவ்வொரு நாலாம் தேதியும் மீன் பிடிக்கப் போவான்; ஒரு மீன்கூடக் கொண்டுவந்ததில்லை. திரும்பி வரும்போது காறையெலும்பின் மேல் கன்றிப்போயிருக்கும். வெர்னா ஒன்றும் கேட்காமல் களிம்பு தடவுவாள். அவனும் ஒன்றும் சொல்லாமல் கழுத்தை நீட்டுவான். பதினேழு வருஷம் இப்படியே போயிற்று. பெரிதாக எதையும் சாதிக்காத மனிதன் எமில். இந்த ஒன்றுக்காகத்தான் உள்ளுக்குள் பூரித்துக்கொண்டிருந்தான் என்பது அவளுக்குத் தெரியும். அதற்காகவே அவனை அவளுக்குப் பிடித்திருந்தது.

பிறகு அவனுக்கு மறதி நோய் வந்தது. சாவியை மறந்தான், தெருவை மறந்தான், சில நாள் அவளையும் மறந்தான். அவன் தெருவில் இறங்கிப் போய்விடாமலிருக்க வெர்னா வாசலில் இரட்டைத் தாழ்ப்பாள் போட்டாள். தாழ்ப்பாளுக்கு உள்பக்கம்தான் அவளும் இருந்தாள். வேலையை விட்டாள், தேவாலயத்துச் சீட்டாட்டத்தை விட்டாள். கடைக்குப் போய் வரும் அரைமணி நேரம்தான் அவளுடைய உலகம். அடுத்த கோடை வரை தாங்குவது கஷ்டம் என்று மருத்துவர் வேறு சொல்லிவிட்டார்.

மே மாதம் கஸ் டுடாஷ் வந்தார். கவசத்தைப் பூட்டித் திறக்கும் பொறுப்பு அவருடையது. உள்ளே இருப்பது யார் என்று தெரிந்த ஒரே ஆள்.

“எமிலால இந்த வருஷம் நடக்க முடியாது வெர்னா. ஊர்வலக் கமிட்டியில சொல்லிட்டு வேற ஆளப் பாக்கணும்.”

“என்ன நடக்க முடியாது? எதப் பத்திப் பேசறே?”

“ஒனக்குத் தெரியும்னு எனக்குத் தெரியும். நடிக்காதே.”

வெர்னா கோஸ் இலையில் இறைச்சியை வைத்துச் சுருட்டிக்கொண்டிருந்தாள். கையைத் துடைத்துக்கொண்டு திரும்பினாள்.

“அவன் பொட்டி மேல அது இருக்கணும் கஸ். நான் நடக்கறேன்.”

“ஒரு பொம்பளையா?”

“உள்ள யாரு இருக்காங்கன்னு எவனுக்குத் தெரியும்?”

கஸ் கூரையைப் பார்த்தார், தரையைப் பார்த்தார். “ஒரே ஒரு வருஷம்தான்” என்றார்.

நாலாம் தேதி காலை எமிலைப் பக்கத்து வீட்டு ஷெர்லியிடம் விட்டுவிட்டு, தங்கையைப் பார்க்கப் போவதாகச் சொல்லி வெர்னா கிளம்பினாள். நிலவறையில் கஸ் அவளைக் கவசத்துக்குள் வைத்துப் பூட்டினார். தலைக்கவசத்தைக் கவிழ்த்துப் பின்கழுத்தில் இரண்டு திருகாணிகளை முறுக்கினார். போட்டவர் கைக்கு அவை எட்டாது. உள்ளே எமிலின் வியர்வை வாசம் இன்னும் இருந்தது. மூச்சு தன் முகத்துக்கே திரும்பி வந்தது. கண்ணுக்கு எதிரே ஒரு கீறல் அளவுதான் உலகம் தெரிந்தது. இங்கேயும் தாழ்ப்பாளா என்று நினைத்துக்கொண்டாள்.

கஸ் கமிட்டிச் சட்டை போட்டுக்கொண்டு பின்னாலேயே வந்தார். வாத்தியம் முழங்கியது. அடி வைக்கும்போதெல்லாம் இடது முட்டிக் கீல் கிறீச்சிட்டது. வெயிலில் தகடு தோசைக்கல்லாய்க் காய்ந்தது. குழந்தைகள் கூச்சலிட, அவள் முஷ்டியால் நெஞ்சில் இரண்டு முறை தட்டி வணக்கம் வைத்தாள். எமில் வருஷாவருஷம் வைத்த அதே வணக்கம். கொஞ்ச தூரம் வரைக்கும் நன்றாகத்தான் போயிற்று.

தபால் நிலையத் திருப்பத்தில் கீறலுக்குள் எமில் தெரிந்தான்.

ஷெர்லி நல்லவள். நல்லவர்களால் வரும் தொல்லைக்கு மருந்தே கிடையாது. பாவம், வீட்டிலேயே அடைந்து கிடக்கிறானே என்று மடக்கு நாற்காலியோடு அவனைத் தெருவுக்குக் கூட்டிவந்து, கையில் எலுமிச்சைச் சாறும் கொடுத்து உட்கார வைத்திருந்தாள்.

எமில் கவசத்தைப் பார்த்தான். சாறு கீழே விழுந்தது.

“அது என்னுது!” என்று கத்தினான். “என் கவசம்டா அது! திருடன்! பிடிங்க அவனை!”

சிரிப்பு எழுந்தது. ஒருத்தன் கேட்டான்: “பெருசு, நீதான் கொடிக்கவசனா?”

“ஆமாண்டா, நான்தான்!”

“அப்ப இங்க என்ன பண்றே? கொடிக்கவசன் அதோ நடந்து வர்றான் பாரு!”

“அவன் மூணாவது ஆளு! திருட்டுப்பய! இடது முட்டிக்கு எண்ணெகூடப் போடல, கேளு!”

‘மூணாவது ஆளு! மூணாவது ஆளு!’ என்று பிள்ளைகள் பாட்டாகவே பாட ஆரம்பித்தார்கள். எமில் எழுந்து தெருவுக்குள் பாய்ந்தான். போலீஸ்காரர் ஒருவர் அவன் முழங்கையைப் பிடித்தார். “வாங்க ஐயா, நிழலுக்குப் போலாம்.” எமில் திமிறினான். அவன் அழுதுகொண்டிருந்தான்.

வெர்னா நின்றுவிட்டாள். வாத்தியக்குழு பின்னால் முட்டி மோதித் தடுமாறியது. ஒரு வார்த்தை சொன்னால் போதும், சிரிப்பு அடங்கிவிடும். ஆனால் அந்த வார்த்தையோடு அவன் சவப்பெட்டி மேல் வர வேண்டிய தலைக்கவசமும் போய்விடும். பேசாமல் போனால் ஊரறிய அவன் பைத்தியம், பொய்யன். இரண்டு பக்கமும் தகடு. கண்ணீரைத் துடைக்கக்கூடக் கை உள்ளே போகவில்லை.

“நட வெர்னா, நட” என்று பின்னாலிருந்து கஸ் கிசுகிசுத்தார்.

அவள் அவருக்கு முதுகைக் காட்டி நின்று, பின்கழுத்தைச் சுட்டினாள்.

“வேணாம். எல்லாம் போயிடும்.”

அவள் அசையவில்லை. கஸ் அவளைப் பார்த்தார், அழும் எமிலைப் பார்த்தார். பிறகு பையிலிருந்து திருப்புளியை எடுத்தார்.

தலைக்கவசம் கழன்றபோது தெரு அடங்கிவிட்டது. நனைந்த நரைமுடி ஒட்டிய வெர்னாவின் தலையைப் பார்த்து ஷெர்லி வாயைப் பொத்திக்கொண்டாள். வெர்னா ஒன்றும் பேசவில்லை. அந்த ஒரு விதியையாவது காப்பாற்றினாள். முட்டிக் கீல் கிறீச்சிட எமிலிடம் நடந்து போனாள். போலீஸ்காரர் தானாகவே ஒதுங்கினார். எமிலை நாற்காலியில் உட்காரவைத்து, தலைக்கவசத்தை அவன் மடியில் வைத்தாள். பெட்டி மேல் வைப்பதுபோல, இரண்டு கையாலும்.

எமில் அதைத் தடவிப் பார்த்தான். பழகிய கை, ஒரே வீச்சில் எடுத்து மாட்டிக்கொண்டான். அதோடு அவன் கத்தல் நின்றது.

“எமில்? நெசமாவே நீதானா?” என்றாள் ஷெர்லி. கிண்டல் செய்தவன் குனிந்து, “மாமா, ஏதாவது சொல்லுங்க” என்றான். தலைக்கவசம் அசையவில்லை. முஷ்டி மட்டும் உயர்ந்து நெஞ்சில் இரண்டு முறை தட்டியது. கூட்டத்தில் கிழவர் ஒருவர் தொப்பியைக் கழற்றினார். பிறகு பக்கத்தில் நின்றவர். பிறகு வரிசையாக எல்லோரும்.

நிலவறை குளிர்ச்சியாக இருந்தது. கமிட்டியிடம் என்ன சொல்வது என்று புலம்பிக்கொண்டே கஸ் வண்டியைக் கொண்டுவரப் போனார். மார்க்கவசத்தோடு வெர்னா ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் எமில், தலைக்கவசத்தோடு.

“பசங்க போயிட்டாங்களா?” என்று உள்ளேயிருந்து மெல்லிய குரல் வந்தது.

“போயிட்டாங்க.”

அவள் அதைக் கழற்றினாள். அவன் முகம் சிவந்து, சந்தோஷமாக இருந்தது. அவள் நெஞ்சிலிருந்த நட்சத்திரத்தையே பார்த்தான், கூட வேலை செய்கிறவனைப் பார்ப்பதுபோல.

“நல்லா நடந்தேப்பா. முட்டிக்கு மட்டும் எண்ணெ போடு.”

“போடறேன்.”

அவன் வாசலை ஒரு தடவை பார்த்துவிட்டு அவள் காதருகே குனிந்தான்.

“வெர்னாகிட்ட மட்டும் சொல்லிடாதே. நான் மீன் பிடிக்கப் போயிருக்கேன்னு நெனச்சுக்கிட்டிருக்கா.”

“சொல்ல மாட்டேன்” என்றாள் வெர்னா.