ஒன்பதாம் வகுப்பில் இரண்டாம் வருடம்

அந்தக் காலத்தில் பரீட்சை முடிவு தபால் கார்டில் வரும். விலாசத்தைப் பிள்ளைகளே எழுதி டீச்சரிடம் கொடுத்துவிட்டு வருவார்கள். உறை கிடையாது, ஒளிவுமறைவும் கிடையாது. ராஜபாளையத்தில் பேண்டேஜ் கம்பெனி வேலை முடிந்து, பஸ் ஏறி நான் ஸ்ரீவில்லிபுத்தூர் வந்து சேர்வதற்குள், என் மூத்தவள் ஒன்பதாவதில் கோட்டு அடித்த சேதி தெருவுக்கே தெரிந்திருந்தது. பெயிலாவதற்கு எங்கள் பக்கம் அதுதான் பேச்சு.

"சின்னவளும் ஒம்பதுக்குத்தான வாரா. ரெண்டையும் ஒரே பெஞ்சுல ஒக்கார வச்சிரு" என்றாள் பக்கத்து வீட்டு மதினி. சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். மூத்தவள் அடுப்படியை விட்டு வெளியே வரவில்லை.

மறுநாள் மூத்தவளோடு பள்ளிக்கூடம் போனபோது தலைமையாசிரியை விவரம் சொன்னார். டி.சி. வாங்கிக்கொண்டு வேறு பள்ளிக்கூடம் போனால், அதிலேயே பாஸ் என்று போட்டுத் தருவார்களாம். இங்கேயே இருந்தால் மறுபடி ஒன்பதாவதுதான். பத்தாவது ரிசல்ட் கெடக்கூடாதே என்று சில பள்ளிக்கூடங்களில் அப்படி ஒரு வழக்கம் இருந்தது. நாலு மணிக்குள் முடிவு சொல்ல வேண்டும்.

இந்த வழக்கம் முன்பே தெரிந்துதான், டி.சி.யோடுதான் வர வேண்டும் என்று என் வீட்டுக்காரர் சொல்லி அனுப்பியிருந்தார். வயசுப் பிள்ளைக்கு ஒரு வருசம் போவது அவருக்குப் பெரிசு. எனக்கோ இரண்டு பக்கமும் பயம். ஏழாவதில் பெயிலாகி, அதே வகுப்பில் உட்கார வெட்கப்பட்டுப் படிப்பை விட்டவள் நான். பிறகு படித்ததெல்லாம் கடலை மடித்த தாளில்தான். இவளும் நின்றுவிட்டால்? பாஸ் போட்டுப் போய், பத்தாவதில் விழுந்தால்?

வராண்டாவில் அவளை நிறுத்தி, பின்னக் கணக்கு வருமா என்று கேட்டேன். இல்லை என்று தலையாட்டினாள்.

"ஏட்டி, தங்கச்சிகூட ஒக்காருவியா?"

"ஒக்காருதேன். ஆனா வீட்ல யாரும் அதச் சொல்லிக் காட்டக் கூடாது. அப்பாவும்தான்."

"அதுக்கு நான் பொறுப்பு."

"ஒன்னால முடியாதும்மா."

உள்ளே போய், ஒன்பதாவதே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

வீட்டு வாசலிலேயே டி.சி. எங்கே என்றார் அவர். வாங்கவில்லை என்றேன். முகம் சிவந்து வாயைத் திறந்தார். என் முதுகுக்குப் பின்னால் அவள் மூச்சு விடுவது எனக்குக் கேட்டது.

"புள்ள பள்ளிக்கூடம் போகணும்னா, ஒரு வார்த்தை பேசாதிய."

அவர் என்னைப் பார்க்கவில்லை, அவளைப் பார்த்தார். சட்டையை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கிவிட்டார். அவர் தலை மறைகிறவரை அவள் அசையவில்லை. அப்புறம் உள்ளே போய்ப் பழைய கணக்குப் புத்தகத்துக்குப் புது அட்டை போட உட்கார்ந்தாள்.