குசினித் தண்ணீரும் ஜெய்சல்மேர் கோட்டையும்

வாளியால் அள்ளி ஊற்றிக் கழுவாத குசினியில் பொங்கல் பானை வைக்க எனக்கு மனம் வராது. ஒஸ்லோவுக்கு வந்து பத்து வருடமாகியும் அந்தப் புத்தி போகவில்லை. இரண்டாயிரத்துக்குப் பிறகு நாங்கள் வாடகைக்கு இருந்தது ட்ராம் போகும் தெருவில், மரத்தளம் போட்ட ஒரு பழைய கட்டிடத்தில். குசினியில் தண்ணீர் வெளியே போக வழி கிடையாது. பொங்கலுக்கு முதல்நாள் நாலு வாளி ஊற்றினேன். மூன்று வாளித் தண்ணீரைத்தான் துணியால் ஒற்றி எடுத்திருப்பேன். மிச்சம் எங்கே போனது என்று யோசிக்கவே இல்லை.

கீழ்வீட்டுக்காரர் கதவைத் தட்டியபோதுதான் விளங்கியது. அவர் ஓய்வுபெற்ற கட்டிடக்கலைஞர், தனியாள். வீட்டுச் சொந்தக்காரரிடம் முறைப்பாடு செய்தாரென்றால் பொங்கலோடு வீடும் போய்விடும் என்று கணவர் பயந்தார். ஊற்றியவளே போய் மன்னிப்புக் கேட்கட்டும் என்று என்னைக் கீழே அனுப்பினார்.

அவருடைய மேசை நிறைய நனைந்த தாள்கள். எல்லாம் ராஜஸ்தான் பாலைவனத்திலுள்ள ஜெய்சல்மேர் கோட்டை. இளவயதில் குளிர்காலந்தோறும் போய், கையால் அளந்து வரைந்தவையாம். நான் மன்னிப்புக் கேட்க வாய் திறக்க முதலே அவர் கோட்டையைப் பற்றிச் சொல்லத் தொடங்கிவிட்டார். மஞ்சள் மணற்கல். சாந்து பூசாமல் கல்லோடு கல் கொளுவிய சுவர்கள். எண்ணூறு வருடத்துக்கு மேலாக உள்ளே சனம் குடியிருக்கிறது. முன்பெல்லாம் கீழேயுள்ள ஏரியிலிருந்து குடத்தில் சுமந்து வந்தார்கள், சொட்டுத் தண்ணீரையும் வீணாக்கவில்லை. பிறகு குழாய் வந்தது. தாராளமாகக் கழுவி ஊற்றினார்கள். அத்திவாரத்துக்குக் கீழேயிருந்த களிமண் ஊறி, கொத்தளங்கள் சரியத் தொடங்கின.

என்னைத்தான் குத்திக்காட்டுகிறாரோ என்று எரிச்சல் வந்தது. அவர் முகத்தில் அப்படி ஒன்றுமில்லை. மை கரைந்து நீலத் திட்டாகிப்போன ஒரு தாளை மட்டும் தொட்டுக்கொண்டிருந்தார். என் வாய் சும்மா கிடக்காதே. அதைத் திரும்பப் போய் வரையலாம்தானே என்று கேட்டுவிட்டேன்.

"முடியாது," என்றார். "இந்தக் கொத்தளம் இப்போது அங்கேயும் இல்லை."

முறைப்பாடு ஒன்றும் செய்யப்போவதில்லை என்று வாசல்வரை வந்து சொன்னார். நான் மேலே வந்து, வாளியை எடுத்துப் பல்கனியில் பனிக்குள் வைத்தேன்.

"அறிவிக்கப் போறாராமோ?" என்று கணவர் கேட்டார்.

"இல்லையாம்."

"பிறகேனப்பா அழுறாய்?"