ஹேமியிடம் கத்திய நாள்

எண்பதுகளில் நியூசிலாந்தின் ஒடாஹுஹுவில் ஓர் அட்டைப்பெட்டித் தொழிற்சாலையில் ஐந்து வருடம் வேலை செய்தேன். மேற்பார்வையாளர் வேலை எனக்குத்தான் என்று நினைத்திருந்தேன். வெள்ளைக்கார முதலாளி, "நீ கதைக்கிற இங்கிலீஷ் ஆக்களுக்கு விளங்காது" என்றார். அந்த நாட்டின் பூர்வகுடிகளான மாவோரிகளுக்கான பயிற்சித் திட்டத்தில் வந்த ஹேமிக்கு அது கிடைத்தது.

தேநீர் நேரத்தில் ஹேமியிடம் வெடித்தேன். "எங்கட இலங்கையிலயும் தரப்படுத்தல் எண்டு சொல்லி, கூடப் புள்ளி கேட்டுத்தான் தமிழ்ப் பிள்ளையளின்ர கம்பஸ் இடத்தைப் பறிச்சவங்கள். என்ர தம்பிக்கும் இடம் போனது."

"ஆர் பறிச்சது? ஆட்சியில இருந்தவையோ?"

"ஓம்."

"இஞ்ச ஆட்சியில இருக்கிறது நானோ, மச்சான்?"

மேசையைச் சுற்றியிருந்த எல்லோரும் சிரித்தார்கள்.

அந்த வேலை எனக்குக் கடைசிவரை கிடைக்கவில்லை. கோபம் இன்னும் ஆறவில்லை. ஆனால் முதலாளியிடம் "சரி" என்று சொல்லிவிட்டு வந்து, ஹேமியிடம்தான் கத்தியிருக்கிறேன்.