மண்ணில் விழுந்த குமாயிக்

அத்பாஷிப் பள்ளத்தாக்கில் தொக்தோபூபூவைத் தெரியாதவர்கள் குறைவு. கூட்டுப்பண்ணையில் ஆடுகள் ஈனும் காலத்தில் எந்த ஆடாவது குட்டியைத் தள்ள முடியாமல் கிடந்தால் அவளுக்குத்தான் ஆள் போகும். சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு உட்காருவாள். உள்ளே மடங்கிக் கிடக்கும் முன்னங்காலைப் பதமாகத் திருப்பி, குட்டியைக் கையில் வாங்கி, மூக்கைத் துடைத்துத் தாயின் முகத்தருகே விடுவாள். அவளுக்கு முன் பிறந்த பிள்ளைகள் தங்காததால், 'இவளாவது நிற்கட்டும்' என்று பெற்றவர்கள் வைத்த பெயர் அது. அவள் நின்றாள். அவளுடைய பிள்ளைதான் நிற்கவில்லை.

அவள் புருஷன் இஸ்மானாலி பண்ணை மந்தைக்காரன். நல்லவன், உழைப்பாளி, ஆனால் வேட்டைப் பித்து. அவனிடம் உச்சார் என்று ஒரு தைகன் இருந்தது. ஒட்டிய வயிறும் நீண்ட காலுமாக, காதோரம் மட்டும் மயிர் அடர்ந்த கறுப்பு வேட்டைநாய். அது ஓடும்போது பனி அதன் காலில் படுகிறதா என்றே சந்தேகம் வரும். நரியைத் துரத்தினால் நரிதான் முதலில் மனம் தளரும்.

அந்தப் பக்கத்து ஆண்களுக்குத் தங்கள் நாயை யாராவது 'குமாயிக்' என்று சொல்லிவிட்டால் போதும், ஒரு வருஷத்துக்கு வேறு பேச்சு வேண்டாம். குமாயிக் என்பது உண்மையில் பனிமலைக் கழுகின் பெயர். எப்போதோ ஒரு தடவை அந்தக் கழுகின் முட்டையிலிருந்து குஞ்சுக்குப் பதில் நாய்க்குட்டி பிறக்கும் என்பார்கள். பாறை உச்சியிலிருந்து அது உருண்டு விழும்போது கீழே ஒருவன் கம்பளம் விரித்துப் பிடித்துக்கொள்ள வேண்டும். பிடித்துவிட்டால் அதன் பல்லுக்குத் தப்பும் விலங்கு உலகத்தில் இல்லை. மண்ணில் பட்டுவிட்டால் அந்த நொடியே செத்துப்போகும். அப்படிப் பிடித்தவனை யாரும் பார்த்ததில்லை. ஆனால் நல்ல நாய் ஒன்று கண்ணில் பட்டால் வாயில் வருவது அந்தச் சொல்தான்.

இஸ்மானாலியின் நாயை அதுவரை யாரும் அப்படிச் சொல்லவில்லை. அது அவனுக்கு உள்ளூர உறுத்தல்.

கல்யாணமாகிப் பல வருஷம் கழித்துத்தான் தொக்தோபூபூ உண்டானாள். குளிர்காலத் தொழுவத்தில் அவர்கள் இருவரும் மந்தையும் மட்டும். நாள் நெருங்கியதும் ஊருக்குப் போய்விடுவது என்று பேசி வைத்திருந்தார்கள். அதற்கு முன் ஒரு காலையில் தொழுவத்தைச் சுற்றி ஓநாய்த் தடம் கிடந்தது. உச்சார் கயிற்றை அறுக்கப் பார்த்தது. முதுகு வலிக்கிறது, இன்றைக்குப் போக வேண்டாம் என்று அவள் சொன்னாள். மத்தியானத்துக்குள் திரும்பிவிடுகிறேன் என்று அவன் குதிரை ஏறினான்.

அவன் வந்தது மறுநாள் காலையில். சேணத்தின் குறுக்கே ஓநாய் தொங்கியது. வாயில் பாட்டு வேறு.

உள்ளே அடுப்பு அவிந்திருந்தது. தொக்தோபூபூ கூரைக்கம்பைப் பிடித்தபடி முக்கியிருக்கிறாள். கை நழுவி மயங்கிச் சாய்ந்துவிட்டாள். கண் விழித்தபோது பிள்ளை தரையில் கிடந்தது. ஆண் பிள்ளை. ஒரு முறை அழுததாக அவளுக்கு நினைவு. அதைத் தன் மேலங்கிக்குள் வைத்து மார்போடு அணைத்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

இஸ்மானாலி பார்த்தான். வெளியே போய்த் துப்பாக்கியை எடுத்து உச்சாரின் பக்கம் திருப்பினான். அவள் தட்டுத் தடுமாறி வாசலுக்கு வந்தாள்.

"நாயை விடு. அது தானா எங்கயும் போகல. நீதான் போன."

அதுவரை அவள் அவனை 'நீங்க' என்றுதான் சொல்லியிருக்கிறாள். அவன் துப்பாக்கியைக் கீழே வைத்தான். பிள்ளையைத் தொழுவத்துக்கு மேலே சரிவில் அடக்கம் செய்ய, அவசரமாக வரவழைத்த கிழவர் ஒருவரும் பக்கத்துத் தொழுவத்துக்காரன் சாதிபெக்கும்தான் போனார்கள். இஸ்மானாலி குதிரைகளோடு எங்கோ நின்றுகொண்டான்.

வழியில் பனிப்புயல் பிடித்துக்கொண்டது, அதனால் சாதிபெக்கின் தொழுவத்தில் ஒதுங்கினேன் என்று அவன் சொல்லியிருந்தான். ஆறுதல் சொல்ல வந்த சாதிபெக்கின் மனைவி, ஒன்றும் அறியாமல், அன்றைக்கு வானம் எவ்வளவு தெளிவாக இருந்தது, ஆண்கள் குடித்துக்கொண்டு உச்சாரை எப்படிக் கொண்டாடினார்கள் என்றெல்லாம் சொல்லிக்கொண்டே போனாள். "உன் நாய் குமாயிக்தான்டா" என்று சாதிபெக் சொன்னானாம். அதைத் திரும்பத் திரும்பச் சொல்லச் சொல்லி இஸ்மானாலி கேட்டானாம்.

தொக்தோபூபூ அதைக் கேட்டுக்கொண்டாள். புருஷனிடம் கேட்கவில்லை. கேட்டால் அவன் பொய் சொல்வான், இல்லாவிட்டால் உண்மையைச் சொல்வான். இரண்டையும் தாங்க அவளிடம் தெம்பில்லை.

அதன்பின் அவளுக்குப் பிள்ளை தங்கவில்லை. இஸ்மானாலி துப்பாக்கியைப் பண்ணையில் ஒப்படைத்துவிட்டான். உச்சாரை அவன் தொடவே இல்லை. சோறு வைத்தது, முள் எடுத்தது எல்லாம் அவள்தான். ஓட்டமில்லாமல் அந்த நாய் கம்பத்தைச் சுற்றிச் சுற்றியே கிழடாகிச் செத்தது. வீட்டில் குமாயிக் என்ற சொல் எழவில்லை. வெளியே யாராவது சொன்னால் இஸ்மானாலி ஏதோ வேலை இருப்பதுபோல் எழுந்து போவான். 'நீங்க' என்பது மட்டும் கொஞ்ச நாளில் திரும்பி வந்தது. ஒரே கூடாரத்தில் இருவரும் அடக்கமாக, மரியாதையாக, விருந்தாளிகளைப் போல் கிழடாகிக்கொண்டிருந்தார்கள்.

ஒரு கோடையில் மேய்ச்சல் மலைக்குப் பட்டணத்திலிருந்து புருல்சா என்ற பெண் வந்தாள். அகராதி ஒன்றுக்காக ஊர் ஊராகப் போய்ச் சொற்களைச் சேகரிப்பவள். பணிவான பெண். தொக்தோபூபூவின் கூடாரம் பெரியது என்பதால் எல்லோரும் அங்கே கூடினார்கள். குதிரைப்பால் கள் சுற்றி வந்தது. சேணம், பனி, மேய்ச்சல் என்று கேட்டுக்கொண்டே வந்தவள், குமாயிக் என்றால் என்னவென்று கேட்டாள்.

"கழுகு," என்றார் ஒருவர்.

"என் மச்சானும் குமாயிக்தான்," என்றான் சாதிபெக். "கறியில உக்காந்தா எலும்புகூட மிஞ்சாது."

மச்சான் அவனை எலும்பால் எறிந்தான். சிரிப்பு அடங்கியதும் முட்டைக் கதையைச் சொன்னார்கள். அப்படி ஒரு நாயை யாராவது கண்ணால் பார்த்ததுண்டா என்று அவள் கேட்டாள்.

"இதோ, இவர்கிட்ட இருந்துச்சு," என்று சாதிபெக் இஸ்மானாலியைக் காட்டினான். "ஓநாயைத் தனியா அமுக்கிருச்சு. அன்னைக்கு எங்க வீட்டுல ஒரே கூத்து. நான்தான் அதுக்குக் குமாயிக்னு பேர் சொன்னேன்."

சொல்லி முடித்த பிறகுதான் அது எந்த நாள் என்று அவனுக்கு உறைத்தது. இஸ்மானாலி எழுந்திருக்கப் பார்த்தான். வாசலில் ஆட்கள் நெருக்கி உட்கார்ந்திருந்தார்கள்.

தொக்தோபூபூ தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். கையை நிறுத்தாமலே சொன்னாள்.

"அதுக்கு இன்னொரு அர்த்தமும் இருக்கும்மா. ஏந்துறதுக்கு ஆளில்லாம மண்ணுல விழுந்து செத்துப்போற பச்சப்புள்ளையையும் அப்படிச் சொல்லுவோம்."

"நாங்க கேட்டதில்லையே, அக்கா," என்றார் முதலில் பேசியவர்.

"பொம்பளைங்க சொல்லுவோம்."

உண்மையில் எந்தப் பெண்ணும் சொன்னதில்லை. இத்தனை வருஷமும் அவள் ஒருத்திதான், அதுவும் மனசுக்குள். அங்கே இருந்த பெண்கள் யாரும் மறுக்கவில்லை. புருல்சா மரியாதையாகக் கேட்டாள்.

"ஒரு வாக்கியத்துல வச்சுச் சொல்ல முடியுமா, அக்கா?"

"என் குமாயிக் பொறந்தப்ப, அவன் அப்பா, நாயைக் குமாயிக்னு மத்தவங்க சொல்லக் கேட்டுக்கிட்டு உக்காந்திருந்தார்." கிண்ணத்தை நீட்டினாள். "ஆறிடப்போகுது. குடி."

அன்றைக்கு மேற்கொண்டு யாரும் சொல் சொல்லவில்லை. ஒவ்வொருவராக எழுந்து போனார்கள். சாதிபெக் அவள் முன்னால் சற்று நின்று, தொப்பியைக் கழற்றி மறுபடி மாட்டிக்கொண்டு போனான்.

மறுநாள் விடிந்து அவள் வெளியே வந்தபோது இஸ்மானாலி இரண்டு குதிரைக்குச் சேணம் கட்டி வைத்திருந்தான். எங்கே என்று அவள் கேட்கவில்லை. மலை இறங்கி, ஆள் இல்லாத குளிர்காலத் தொழுவத்தைத் தாண்டிச் சரிவுக்குப் போனார்கள். ஒவ்வோர் இலையுதிர் காலத்திலும் அவள் மட்டும் வந்துபோகும் இடம். புல் உயர்ந்து கிடந்தது. கற்கள் பல. இஸ்மானாலி நடுவில் நின்று திரும்பித் திரும்பிப் பார்த்தான்.

"எந்தக் கல்லு?" என்றான்.

அவள் காட்டினாள். அவன் உட்கார்ந்தான். வெகுநேரம் புல்லைப் பிடுங்கிக்கொண்டே இருந்தான்.

"புயல் எதுவும் அடிக்கல," என்றான்.

"தெரியும்."

"தெரியும்னு எனக்கும் தெரியும்."

அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். மன்னித்துவிட்டாளா என்று கேட்டால் அவளுக்கே சொல்லத் தெரியாது. அவன் சொன்னான், "ஏர்மெக்னு பேர் வெக்கலாம்னு நெனச்சிருந்தேன்."

பெயர் வைக்காமல் புதைத்த பிள்ளை அது. இப்படி ஒரு பெயர் இத்தனை காலம் இந்த மனுஷனின் நெஞ்சில் கிடந்தது அவளுக்குத் தெரியாது. அவனும் சொன்னதில்லை. அவள் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். அவன் அவள் தோளைத் தொடத் துணியவில்லை. மேலங்கியின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டான்.

அதன்பின் சில குளிர்காலம் இருந்துவிட்டு இஸ்மானாலி போய்ச்சேர்ந்தான். அவன் கேட்டுக்கொண்டபடி அந்தச் சரிவிலேயே அடக்கம் செய்தார்கள். அதற்கப்புறமும் ஈற்றுக் காலங்களில் தொக்தோபூபூ ஆட்டுத் தொழுவங்களுக்குப் போய்வந்தாள். புதிதாகப் பண்ணைக்கு வந்த பெண்கள் பேச்சுவாக்கில் பிள்ளைகள் எத்தனை என்று கேட்பார்கள். முன்பெல்லாம் இல்லை என்று தலையாட்டுவாள்.

"ஒண்ணு," என்று இப்போது சொல்ல ஆரம்பித்திருந்தாள். "ஏர்மெக்னு பேரு."