நாலாம் ஆண்டு வகுப்பும் ஒரு கூடை ரெக்கார்டரும்

கணக்கு வாத்தியார் வகுப்பில் தப்பு நடந்தால் அது வெள்ளைப்பலகையோடு போய்விடும். இசை டீச்சர் வகுப்பில் தப்பு நடந்தால் கண்டீன் ஆன்டி வடைச் சட்டியை விட்டுவிட்டுத் தலையைத் தூக்கிப் பார்ப்பார். மேரு என்ற ஊரில் ஒரு தமிழ்ப்பள்ளியில் நான் இசை சொல்லித் தருகிறேன். என் பெயர் கிரேஸ். இதே தொழிலில் மாட்டிக்கொண்ட சக ஆசிரியர்களே, வீட்டில் ரெக்கார்டர் ஊதும் பிள்ளை இருக்கிற பெற்றோர்களே, உங்கள் காதுக்கு நேர்ந்தது என் காதுக்கும் நேர்ந்திருக்கிறது என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

எனக்கு இசை வந்த விதம்

நான் பயிற்சி எடுத்தது மலாய்மொழி ஆசிரியராக. கிள்ளானிலிருந்து மாற்றலாகி இந்தப் பள்ளிக்கு வந்த முதல் நாள், தலைமையாசிரியர் கால அட்டவணையை மேசையில் விரித்து வைத்துக்கொண்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். இசைக்கு ஆள் இல்லை. முன்பு எடுத்த டீச்சர் ஓய்வு பெற்றுப் போய்விட்டார். நான் மெதடிஸ்ட் சபையின் பாடகர் குழுவில் இருப்பவள் என்று யாரோ அவர் காதில் போட்டிருக்கிறார்கள். அங்கே பின்வரிசையில் நின்று, பக்கத்து அக்கா எந்தப் பக்கம் போகிறாரோ அந்தப் பக்கம் போகிறவள் நான் என்பதை மட்டும் சொல்லாமல் விட்டுவிட்டார்கள்.

"சார், எனக்கு நோட்டேஷன் எல்லாம் சரியா வராது" என்று இழுத்தேன். அவர் அதற்குள் என் பெயரை எழுதிப் பேனாவையும் மூடிவிட்டார். "பரவால்ல டீச்சர். நீங்க சர்ச்சுலயாவது பாடுறீங்க. இங்க இருக்கிற மத்தவங்க பாத்ரூம்ல கூட பாடுறதில்ல."

பொழுது சாய்ந்த பிறகு

ரெக்கார்டர் என்றால் வெள்ளை பிளாஸ்டிக் குழல். நாலாம் ஆண்டில் பிள்ளைக்கு ஒன்று. பள்ளியில் வைத்துவிட்டுப் போனால் எல்லாவற்றையும் ஒரு துணிக்கூடையில் போட்டு வைப்பேன், எது யாருடையது என்று அடுத்த வாரம் ஒரு சண்டை நடக்கும். இந்தச் சண்டை வேண்டாம் என்று, "வீட்டுக்கு எடுத்துட்டுப் போய்ப் பழகிட்டு வாங்க" என்று ஒரு நாள் சொல்லித் தொலைத்தேன். அன்று மாலையே வகுப்பு வாட்சாப் குழு கொதித்துப்போனது. ஒரு வீட்டில் கைக்குழந்தை விழித்துக்கொண்டது. இன்னொரு வீட்டில் இரவு ஷிப்டுக்குப் போக வேண்டிய அப்பா தூக்கம் கெட்டு எழுந்து உட்கார்ந்துவிட்டார்.

கவின் எங்கள் வகுப்பிலேயே பெரிய சத்தக்காரன். அடுக்குமாடியில் எட்டாவது மாடியில் வீடு. பொழுது சாய்ந்து குழல் ஊதினால் பாம்பு வரும் என்று நம் வீடுகளில் சொல்வதுண்டு அல்லவா? பக்கத்து வீட்டு மாக்சிக்கும், அதாவது மலாய்க்கார ஆன்டியும், அதையே சொல்லிப் பயந்திருக்கிறார். கவினின் அம்மா அனுப்பிய குரல் பதிவை நான் இன்னும் அழிக்கவில்லை. "எட்டாவது மாடிக்குப் பாம்பு எப்படி மாக்சிக் வரும்னு கேட்டேன் டீச்சர். நேத்துத்தான லிஃப்ட்ட சரி பண்ணாங்க, அதுல வரும்ங்குறாங்க."

கணக்கு சாரின் புன்னகை

இசைப் பாடவேளையை எங்கள் ஆசிரியர் அறையில் யாரும் பாடவேளையாக நினைப்பதில்லை. அது அவசரத்துக்கு எடுத்துக்கொள்ளும் நேரம். தேர்வு நெருங்கினால் கணக்கு எடுக்கும் குமரன் சார் என் வகுப்பு வாசலில் புன்னகையோடு வந்து நிற்பார். தங்கமான மனிதர், ஆனால் அந்தப் புன்னகையைப் பார்த்தாலே எனக்கு எரிச்சல் வரும். வாங்கிய பாடவேளையை அவர் திருப்பித் தந்ததாக வரலாறு இல்லை.

அந்த வருடம் நான் கொடுக்கவில்லை. ஆண்டிறுதிப் பரிசளிப்பு விழாவில் நாலாம் ஆண்டுப் பிள்ளைகள் மேடையேறி ரெக்கார்டர் வாசிக்க வேண்டும் என்று தலைமையாசிரியர் சொல்லியிருந்தார். வாரத்துக்கு அரை மணி நேரம்தான் எங்களுக்கு இருந்தது. அதைச் சொல்லி, கதவை நானே பாதி சாத்திக்கொண்டு நின்றேன். குமரன் சாருக்கு என் கவலை விளங்கவே இல்லை. "டீச்சர், மியூசிக்ல ஃபெயிலாயிட்டான்னு அழுத பேரண்ட்ஸ நான் பாத்ததே இல்ல. ஒரு பீரியட்தான, குடுங்க லா."

துளசி வேண்டாம் என்றது

விழாவுக்கு நானே ஒரு சின்னப் பாட்டுக்கு மெட்டுப் போட்டேன். டோ, ரே, மி, சோ, லா, அவ்வளவுதான். அது மோகன ராகம் என்று சங்கீதம் தெரிந்த ஒருவர் பிறகு சொல்லித்தான் எனக்கே தெரியும். ஒவ்வொரு வரியும் கீழ் டோவில் வந்து நிற்கும், வம்பு அங்கேதான் வந்தது. கீழ் டோவுக்குக் குழலின் எல்லாத் துளைகளையும் மூட வேண்டும். கடைசித் துளை வலக்கைச் சுண்டு விரலுக்கு உரியது. கொஞ்சம் இடைவெளி விட்டாலும் கீச்சென்று கத்தும்.

துளசிக்கு அந்தச் சுண்டு விரலில் மேல் பாதி இல்லை. சின்னப் பிள்ளையாக இருந்தபோது வீட்டு கிரில் கதவில் மாட்டிக்கொண்டதாம். மற்ற சுரங்கள் எல்லாம் வகுப்பிலேயே அவளுக்குத்தான் சுத்தமாக வரும். டோ வரும்போது மட்டும் கையைத் திருப்பித் திருப்பி வைத்துப் பார்ப்பாள். அதைப் பார்க்க எனக்குத் தாங்காது. துணைத் தலைமையாசிரியர் பார்வதி டீச்சர் நல்ல எண்ணத்தில் ஒரு முக்கோண மணியைக் கொண்டுவந்தார். துளசி முன்னால் தனியாக நின்று அதைத் தட்டட்டும், பார்க்க அழகாக இருக்கும் என்றார். துளசி அதை வாங்கி ஒரு தடவை தட்டினாள், சத்தம் அடங்கும் வரை கேட்டாள், பிறகு மரியாதையாகத் திருப்பிக் கொடுத்தாள். "நல்லா இருக்கு டீச்சர். ஆனா நான் எல்லாரோடயும் நின்னு ரெக்கார்டர் வாசிக்கணும். அதப் பாக்கத்தான் எங்கப்பா லீவு கேட்டிருக்காரு."

ரவாங்கிலிருந்து ஒரு யோசனை

சனிக்கிழமைகளில் எப்போதாவது பிரிக்பீல்ட்ஸில் வாழையிலைச் சாப்பாட்டுக்கு நாங்கள் சில இசை டீச்சர்கள் கூடுவோம். சாப்பிடுவது கொஞ்சம், புலம்புவது நிறைய. துளசி கதையை அங்கே கொட்டினேன். ரவாங்கில் வேலை செய்யும் ஜெயந்தி நிதானமாக ரசத்தைக் குடித்து முடித்தாள்.

அவள் பள்ளியில் போன வருட விழாவில் இசைக்கு எல்லாரும் எழுந்து நின்று கைதட்டினார்களாம். எப்படிச் சாதித்தாள் என்று ஆசையாகக் கேட்டேன். கையைக் கழுவிவிட்டு வந்துதான் பதில் சொன்னாள். "பாட்ட ஃபோன்ல ரெக்கார்ட் பண்ணி ஸ்பீக்கர்ல போட்டுரு கிரேஸ். புள்ளைங்க ஊதுற மாதிரி நின்னா போதும் லா, யாரு மேடைக்கு வந்து வாயப் பாக்கப் போறா?"

கவின் எழுந்தான்

இரண்டு நாள் அந்த யோசனையை மனசில் வைத்துக்கொண்டு அலைந்தேன், பொய் சொல்வானேன். ஆனால் வகுப்பிலேயே சுத்தமாக வாசிக்கிற பிள்ளையை, வாசிக்கிற மாதிரி நில்லம்மா என்று எந்த வாயால் சொல்வது? பாட்டையே மேலே ஏற்றிவிட்டேன். சோவிலிருந்து தொடங்கினால் கீழ் டோ வராது. தாளில் பார்க்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் மேல் சுரங்களுக்கு, குழலின் பின்னால் இருக்கும் கட்டைவிரல் துளையைப் பாதி மட்டும் திறக்க வேண்டும். ஒரு வகுப்பே சேர்ந்து பாதி திறந்தபோது வந்த சத்தத்தில், யாருக்கோ அடிபட்டுவிட்டது என்று நினைத்துக் குமரன் சார் பக்கத்து வகுப்பிலிருந்து ஓடி வந்தார்.

விழா நெருங்கிவிட்டது. நான் ஓய்ந்துபோய் நாற்காலியில் உட்கார்ந்தேன். எல்லாரும் பழைய மாதிரியே வாசிக்கட்டும், நான் மணி அடிக்கிறேன் என்று துளசி மெல்லச் சொன்னாள். முகத்தை மட்டும் யாருக்கும் காட்டவில்லை. அப்போது கவின் எழுந்தான். கருணையினால் எழுந்தான் என்று யாரும் நினைக்க வேண்டாம். கீழ் டோவில் கீச்சிட்டுக் கீச்சிட்டு என்னிடம் அதிகம் திட்டு வாங்கியவன் அவன்தான். "டீச்சர், டோ எனக்கும் வராது, இங்க பாதிப் பேருக்கு வராது. அந்த எடம் வந்தா எல்லாரும் ரெக்கார்டர எடுத்துட்டு வாயால பாடிருவோம். வாய் எல்லாருக்கும் இருக்குல்ல?"

மண்டபத்தில்

பரிசளிப்பு விழா அன்று மண்டபம் நிரம்பி, பின்னால் நின்றுகொண்டும் இருந்தார்கள். பிள்ளைகள் மேடையில் வரிசையாக நின்றார்கள். துளசி இரண்டாவது வரிசையில், கவினுக்குப் பக்கத்தில். நான் கீழே நின்று கையை அசைத்தேன். முதல் வரி வாசித்தார்கள். வரி முடிகிற இடத்தில் எல்லாக் குழல்களும் ஒன்றாக இறங்கின, எல்லா வாயும் ஒன்றாக 'டோ' என்றது. அடுத்த வரி, மறுபடி குழல், மறுபடி குரல். இத்தனை நாள் கீச்சிட்டுக்கொண்டிருந்த இடம்தான் பாட்டிலேயே நல்ல இடமாக மாறியிருந்தது. கடைசி டோவை நான் சொல்லிக்கொடுக்காமலேயே நீட்டிப் பாடினார்கள். மூச்சு இருக்கிற வரை விடவில்லை. எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது, அடக்கவும் இல்லை.

பலகாரம் பரிமாறும்போது துளசியின் அப்பா என்னைத் தேடி வந்தார். துறைமுகத்துக்கு லோரி ஓட்டுகிறவர். அரை நாள் லீவில் வேலைச் சட்டையோடு வந்து, கடைசி வரிசையில் நின்று ஃபோனில் படம் பிடித்துக்கொண்டிருந்ததைப் பார்த்திருந்தேன். முகத்தில் சிரிப்பே இல்லை. மகளை மேடையில் ஒளித்து வைத்தேன் என்று கோபமோ என்று எனக்கு உள்ளுக்குள் பயம். அவர் ஃபோனில் எடுத்த படத்தை என் பக்கம் திருப்பிக் காட்டினார். "டீச்சர், பின்னால இருந்து மூஞ்சி ஒண்ணும் தெரியல. எந்தப் புள்ள வாசிக்காம நிக்குதோ அதுதான் எம்பொண்ணுன்னு தேடிக்கிட்டே இருந்தேன். எல்லாரும் ஒண்ணா வாசிச்சாங்க, ஒண்ணா நிறுத்துனாங்க, கடைசி வரைக்கும் என்னால கண்டுபிடிக்கவே முடியல."

ஆக, சின்னப் பிள்ளைகளுக்கு இசை சொல்லிக்கொடுப்பது என்பது, காது போனாலும் போகட்டும் என்று நினைக்க வைக்கிற நாள் வருடத்தில் ஒன்று வருகிற வேலை. மிச்ச நாட்களுக்குப் பஞ்சு வைத்துக்கொள்ளலாம்.