மணல்திட்டில் இறங்கிய பெண்

மார்சலின் மில்லோகோ, மேற்கு ஆப்பிரிக்காவில் எங்கள் ஊரான போபோ-ஜுலாசோவின் தந்தி அலுவலகத்தில் இரண்டாவது ஜன்னலில் உட்கார்ந்திருப்பார். நீளமாக எழுதிக்கொண்டு வருகிறவர்களின் தாளை வாங்கிப் பார்த்து வார்த்தைகளை அடித்துத் தருவது அவர் வழக்கம். "‘அம்மா செத்துட்டாங்க, ஒடனே வா’ன்னு எழுதியிருக்கீங்க. ‘ஒடனே’ எதுக்கு? ஆற அமரவா வருவான்?" என்பார். அழுதுகொண்டே வந்தவர்கூடத் தலையாட்டிவிட்டுப் போவார்.

மதியத்துக்கு மேல் வேலை இல்லாத நாட்களில் அவர் சினிமாவுக்குப் போனார். சிக்காசோ-சிரா பேட்டையில் பார்ரோ முதலாளியின் கொட்டகை ஒன்றுக்குத்தான் கூரை இருந்தது. வெயில் நேரத்தில் படம் ஓடியதும் அங்கே மட்டும்தான். எந்த நாட்டுப் படம், எந்தக் காலத்துப் படம் என்றெல்லாம் அவர் பார்க்கமாட்டார். மறுநாள் ஜன்னலுக்கு வருகிறவர்கள், "அக்கா, நேத்துப் படம் போகலாமா?" என்று கேட்பார்கள். அதற்கும் தந்தி பாஷையில்தான் பதில் வரும்.

அப்போது நான் எங்கள் ஊர் வானொலியில் ஜூலா மொழி நிகழ்ச்சிகளுக்குப் பொறுப்பாக இருந்தேன். தந்தி அனுப்பப் போன இடத்தில் இந்தப் பதில்களைக் கேட்டுவிட்டு அவரை நிலையத்துக்கு இழுத்து வந்தேன். சனிக்கிழமை காலையில், மீன் விலை சொல்லி முடித்ததும் மார்சலின் அக்கா பேசுவார். ஒரு கௌபாய் படத்தைப் பற்றி, "எல்லாரும் சுடுறாங்க, ஒருத்தரும் சமைக்கல. எப்படி உயிரோட இருந்தாங்கன்னு தெரியல" என்றார். இந்திக் குடும்பப் படம் ஒன்றுக்கு, "பிரிஞ்ச அண்ணன் தம்பி சேந்துட்டாங்க. நமக்குத்தான் அவங்கள விட்டுட்டு வர மனசில்ல. போங்க." பிரெஞ்சுக் காதல் படத்துக்கு, "அவன் சிகரெட் பிடிக்கிறான். அவ ஜன்னல்ல நிக்கிறா. ரெண்டு பேருக்கும் வேற சோலி இல்ல." ஒரு பேய்ப் படத்தில் பேயைவிட வீட்டுக்காரர் பயங்கரம் என்றார். யாரோ பெட்டியோடு கொண்டுவந்த பழைய ஊமைப்படத்தைப் பார்த்துவிட்டு, "அவங்க பேசலங்கறது வீட்டுக்கு வந்தப்புறம்தான் ஞாபகம் வந்துச்சு" என்றார். அந்தப் படத்துக்குக் கூட்டம் நெரிந்தது.

ஒருமுறை சொன்னதை அவர் மாற்றியதே இல்லை. அதனால்தான் ஹமிது சங்காரேயின் படம் வந்தபோது ஊரே காது கொடுத்துக் காத்திருந்தது.

ஹமிது எங்கள் ஊரில் வளர்ந்த, மாடு மேய்க்கும் ஃபுலானி இனத்துப் பையன். வெளிநாட்டில் படம் எடுக்கப் படித்துவிட்டு வந்து, மூஹூன் நதியில் ஒரு படகுக்காரரோடு ஒரு மழைக்காலம் முழுக்க இருந்து எடுத்த முதல் படம் அது. ‘மூஹூன் கரை’ என்று பெயர். படகு போகிறது, வருகிறது. ஆட்கள் ஏறுகிறார்கள், இறங்குகிறார்கள். நதியின் மேல் மழை பெய்கிறது. அவ்வளவுதான் படம். அதை ஏப்ரலில் திரையிட்டார்கள். ஏப்ரலில் எங்கள் ஊரில் நாய்கூட நிழலைவிட்டு நகராது.

சனிக்கிழமை அக்கா ஒலிவாங்கி முன்னால் உட்கார்ந்தார். நான் கண்ணாடிக்கு இந்தப் பக்கமிருந்து கையை ஆட்டினேன். பிறகு சொன்னார்: "மழைச் சத்தம் கேட்டுச்சு. தூங்கிட்டேன். முழிச்சப்போ யாரோ எனக்குப் போர்வை போத்திவிட்ட மாதிரி இருந்துச்சு. போங்க."

போனார்கள். துணிக்கடைக்காரர்கள் கடையைச் சாத்திவிட்டுப் போனார்கள். பிள்ளை பெற்றவர்கள் பிள்ளையோடு போனார்கள். மின்விசிறி சுற்றியது, திரையில் மழை பெய்தது, கொட்டகை முழுக்க ஜனங்கள் ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து தூங்கினார்கள். பார்ரோ முதலாளி முன்வரிசை நாற்காலிகளை எடுத்துவிட்டுப் பாய் விரித்தார். படம் முடிந்து வெளியே வந்தவர்கள் கண்ணைக் கசக்கிக்கொண்டு, எந்தத் தெருவில் நிற்கிறோம் என்று கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்கு நடந்தார்கள். அந்த மாதம் ஊரில் சண்டை சச்சரவு குறைவு என்றுகூடப் பேசிக்கொண்டார்கள்.

அடுத்த வாரம் ஹமிது நிலையத்துக்கு வந்தான். முகம் சிவந்திருந்தது. ஆனால் அவன் ஃபுலானி, அக்கா போபோ இனம். இரண்டு சனங்களுக்கும் பரம்பரையாகக் கேலி முறை. என்ன வைதாலும், அடிமை என்றே கூப்பிட்டாலும், கோபித்துக்கொள்ளக் கூடாது. கோபித்தால் கோபித்தவனைப் பார்த்துத்தான் ஊர் சிரிக்கும். பாவம், அவன் கோபப்படத்தான் வந்திருந்தான்.

"வாடா என் அடிமையே" என்றார் அக்கா. "மாட்டை எங்கடா விட்டுட்டு வந்த?"

"நான் உங்களோட விளையாட வரலக்கா."

"விளையாடாம என்னடா? நெஞ்சுல பாலத் தவிர ஒண்ணும் இல்லாத பய, சண்டை போடப் போறியா?"

நிலையத்தில் எல்லோரும் சிரித்துவிட்டார்கள். ஹமிது உதட்டைக் கடித்தான். வேறு வழியில்லாமல் அவனும் முறைப்படியே பேசினான்.

"சோளக் கள்ள மூக்கு முட்டக் குடிச்சிட்டு வந்தா எந்தப் படத்துலதான் தூக்கம் வராது? கள்ளுப் பானைக்குப் பொறந்த கூட்டம்தான நீங்க!"

"அப்படிக் கேளு!" என்று அக்கா தொடையில் தட்டினார்.

"ஆனா ஒண்ணு சொல்லுங்க" என்றான். குரல் இறங்கிப்போயிருந்தது. "ரெண்டு வருஷ உழைப்புக்கா. ஒரு ஆளாவது முழுசாப் பாத்தாங்களா? தெருவுல போனா ‘தாலாட்டுக்காரன் வர்றான்’ங்கிறாங்க. எங்க அம்மாவே ரெண்டு தடவை போய்த் தூங்கிட்டு வந்துட்டாங்க."

அக்கா சிரிப்பை நிறுத்திவிட்டு அவனைப் பார்த்தார். "நான் சொன்னது பொய்யில்ல. மாத்த மாட்டேன். ஆனா இன்னொரு தடவை பாக்கறேன், முழிச்சுக்கிட்டு."

தூக்கம் வராமலிருக்கக் கோலாக்கொட்டையைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டு அவர் மறுபடி போனார். படம் ஓட்டும் த்ரிஸ்ஸா மேலே ஓட்டை வழியாகப் பார்த்துக்கொண்டே இருந்தானாம். தலை சாயவில்லை, கண் திறந்துதான் இருந்தது என்று பிறகு சத்தியம் செய்தான். அந்தச் சனிக்கிழமை அக்கா முதல் முறையாக ஒரே படத்துக்கு இரண்டாவது தடவை பேசினார்.

"நடு ஆத்துல ஒரு மணல்திட்டு. மஞ்சள் பேசின் பாத்திரத்தைத் தலையில வச்சிருக்கிற ஒரு பொண்ணு, படகை அங்க நிறுத்தச் சொல்றா. படகுக்காரர் ‘இங்கேயா?’ங்கிறார். ‘இங்கதான்’னு எறங்கிப் போயிடுறா. நீங்க எல்லாரும் தூங்கினப்போ அவ எறங்கிப் போயிட்டா. போய்ப் பாருங்க."

ஊர் மறுபடி கொட்டகைக்குத் திரும்பியது. இந்த முறை விழித்திருக்கவேண்டும் என்று ஒருவரை ஒருவர் கிள்ளிக்கொண்டு உட்கார்ந்தார்கள். மழை பெய்தது, தூங்கினார்கள், விழித்தார்கள். வெளியே வந்து, "பாத்தேன், பாத்தேன்" என்றார்கள். சந்தையில் துணி விற்கும் அவா பேசின் நீலம் என்றாள். முடிவெட்டுகிற சேய்து, "மஞ்சள்தான். ஆனா அவ எறங்கல, படகுக்காரர்தான் எறக்கிவிட்டார்" என்றான். "நீ எங்க பாத்த? கொறட்டை விட்டுட்டு இருந்தியே!" "கொறட்டை விட்டா கண்ணு தெரியாதா?" அவர்கள் இருவரும் அதற்குப் பிறகு கொஞ்ச நாள் பேசிக்கொள்ளவில்லை.

ஹமிது இதை எல்லாம் கேட்டுவிட்டுத் தந்தி அலுவலகத்துக்கு ஓடிவந்தான். "அக்கா, என் படத்துல அப்படி ஒரு பொண்ணே இல்ல."

"என்னடா ஒளர்ற?"

"நான் எடுத்த படம்க்கா. மணல்திட்டும் இல்ல, பேசினும் இல்ல."

காலை நேரத்தில் காலியான கொட்டகையில் த்ரிஸ்ஸா படச்சுருள்களை ஒவ்வொன்றாக ஓட்டிக் காட்டினான். ஹமிது, அக்கா, நான் மூன்று பேரும் பாயில் உட்கார்ந்து பார்த்தோம். கதவைத் திறந்துவைத்திருந்ததால் திரையில் வெயில் கலந்து எல்லாம் வெளிறித் தெரிந்தது. படகு வந்தது, போனது. ஆடுகளோடு ஒரு கிழவர். சைக்கிளோடு இரண்டு பேர். மழை. அவள் வரவேயில்லை. படம் முடிந்த பிறகும் அக்கா வெள்ளைத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கோலா மென்னுக்கிட்டே கனவு கண்டிருக்கேன்" என்றார் கடைசியில்.

சனிக்கிழமை அதை வானொலியில் அப்படியே சொன்னார். "அந்தப் பொண்ணு படத்துல இல்ல. நான் கண்ட கனவு அது. தப்பாச் சொல்லிட்டேன்." சொல்லிவிட்டுக் கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தார். இனி வரமாட்டேன் என்றார். நான் தடுத்துப் பார்த்தேன், நிற்கவில்லை.

ஊர் அதை ஒப்புக்கொள்ளவில்லை. அவா நிலையத்துக்கே வந்து சண்டை போட்டாள். "நான் என் கண்ணால பாத்த பொண்ண இல்லங்கிறதுக்கு அந்த அக்கா யாரு?" என்று கத்தினாள். சேய்து யாரையும் கேட்காமல் தன் கடைச் சுவரில் மஞ்சள் பேசினோடு ஒரு பெண்ணை வரைந்து வைத்தான். மழை உண்மையிலேயே தொடங்கி, படம் ஊரைவிட்டுப் போகும்வரை ஜனங்கள் அவளைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள்.

ஒருநாள் மத்தியானம் தந்தி அலுவலகத்தின் பின்முற்றத்தில், மாமரத்தடியில் அக்கா காராமணிச் சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தார். ஹமிது வந்து எதிரே கல்லின்மேல் உட்கார்ந்தான். நானும் அங்கேதான் இருந்தேன். மறுபடி நிகழ்ச்சிக்கு வரச் சொல்லிக் கெஞ்சுவதற்காகப் போயிருந்தேன்.

"அவ ஏன் எறங்கினாக்கா?" என்று கேட்டான்.

"யாரு?"

"அவதான். எனக்கும் இப்போ அவதான் தெரியுறா. என் படத்தை நானே போட்டுப் பாத்தா, எங்க வருவா, எங்க வருவான்னு தேடறேன்."

அக்கா கையைக் கழுவினார். ஈரக்கையை இடுப்புத் துணியில் துடைத்துவிட்டு, எங்களைப் பார்க்காமல் பேசினார். ரயில்வேயில் வேலை பார்த்த அவர் கணவர் எலுவா, தெற்கே தூரத்திலிருக்கும் அபிஜான் நகரத்துக்கு மாற்றலாகிப் போனதும், அங்கே வேறு குடும்பம் ஆகிவிட்டதும் எங்களுக்குத் தெரியும். மனைவியை விட்டுவிட்டுப் போன மனுஷன் என்றுதான் ஊர் நினைத்திருந்தது.

"அவர் விடல. என்னைக் கூப்பிட்டார். டிக்கெட் அனுப்பினார். பாத்திரம் பண்டம் எல்லாம் ஒரு பேசின்ல கட்டிக்கிட்டு நான் வண்டி ஏறினேன். வழியில பன்ஃபோரா ஸ்டேஷன்ல மாம்பழம் வாங்க எறங்கினேன். வண்டி ஊதுச்சு. ஓடினா பிடிச்சிருக்கலாம். எல்லாரும் ‘ஓடு, ஓடு’ன்னாங்க. எனக்கு ஓடத் தோணல."

"ஏன்?"

"அதான் தெரியல. அவர் நல்ல மனுஷன். அடிச்சதில்ல, வஞ்சதில்ல. வண்டி போன பிறகு அந்தத் தண்டவாளம் எவ்வளவு அமைதியா இருந்துச்சு தெரியுமா? நான் பாட்டுக்கு நின்னேன். சாயங்கால வண்டியில ஊருக்குத் திரும்பிட்டேன். வண்டி தவறிடுச்சுன்னு அவருக்குத் தந்தி குடுத்தேன். அடுத்த டிக்கெட்டும் வந்துச்சு. நான் போகல."

மரத்திலிருந்து ஒரு பிஞ்சு விழுந்து உருண்டது. ஹமிது அதை எடுத்துக் கல்லின்மேல் வைத்தான். பிறகு, "அவளை நான் எடுத்துக்கட்டுமா?" என்று கேட்டான்.

"என்னைக் கேட்டா? ஊரே எடுத்துக்கிட்டுது" என்றார் அக்கா. "ஆனா நீ எடுத்தா ஒழுங்கா எடு. என் அடிமை அரைகுறையா வேலை செஞ்சா எனக்குத்தான் கேவலம்."

"போபோக்காரங்க வேலையப் பத்திப் பேசலாமா?" என்றான் அவன். அக்கா விழுந்து விழுந்து சிரித்தார். அடுத்த சனிக்கிழமை மீன் விலை முடிந்தபோது கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவர் உட்கார்ந்திருந்தார். வருகிறேன் என்று என்னிடம் சொல்லக்கூட இல்லை.

இரண்டாவது படம் வருவதற்கு ஆண்டுகள் ஆயின. பணம் கிடைக்கவில்லை, நதி ஒரு வருடம் வற்றிக் கிடந்தது. கடைசியில் அதே கொட்டகையில், பாய்களை எடுத்துவிட்டு நாற்காலிகளைத் திரும்பப் போட்டுத் திரையிட்டார்கள். அக்கா நீலப் பூப்போட்ட புதுத்துணி கட்டிக்கொண்டு வந்திருந்தார். படகு நடு ஆற்றில் மெதுவாகத் திரும்பியது. மணல்திட்டு தெரிந்ததும் கொட்டகையில் ஒரு சலசலப்பு. பேசினைத் தலையில் சுமந்தபடி அவள் எழுந்து நின்றதும், வெகுநாள் கழித்து ஊருக்கு வந்தவளைப் பார்த்ததுபோல ஜனங்கள் கூவினார்கள். "வந்துட்டா!" என்றாள் அவா. "மஞ்சள்! நான் சொல்லல?" என்றான் சேய்து. ஒருவரும் தூங்கவில்லை.

அவள் இறங்கினாள். கனவில் நாங்கள் எல்லோரும் படகோடு போய்விட்டிருந்தோம். ஹமிது அப்படிச் செய்யவில்லை. படகு திரையின் ஓரமாக நகர்ந்து மறைந்தது. நாங்கள் அவளோடு மணலிலேயே நின்றுவிட்டோம். நீண்ட நேரம் தண்ணீர்ச் சத்தம் மட்டும். அவள் பேசினை இறக்கி வைத்தாள். செருப்பைக் கழற்றினாள். முழங்காலளவு நீரில் இறங்கி, மறுபக்கத்தில் ஆழம் எவ்வளவு என்று காலால் துழாவிப் பார்த்தாள். அக்கா நாற்காலி நுனிக்கு வந்து, முன் சீட்டின் முதுகைப் பிடித்துக்கொண்டு, கழுத்தை நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கும் அதற்கு மேல் என்ன நடக்கும் என்று தெரியாது.

அந்த வாரம் சனிக்கிழமை அவர் ஒரு கராத்தே படத்தைப் பற்றிப் பேசினார். சங்காரேயின் படத்தைப் பற்றி நான் கேட்டதற்கு, "வீட்டு ஆளைப் பத்தி நான் தீர்ப்பு சொல்றதில்ல. அடுத்த பாட்டைப் போடு" என்றார்.